தோட்டின் பின்புறம்

பாட்டியின் காதிலிருந்து பேத்தியின் காதுக்கு வந்து சேர்ந்த ஏழுகல் வைரத்தோடு, சில மாதங்கள் கழற்றாமல் அணிந்தபின் ஒளி குன்றி வெறும் கண்ணாடிக் கல் போலத் தோன்றும்போது, கல்லே பழுதுபட்டுவிட்டதோ என்று வீட்டார் கவலைப்படுவதுண்டு. அக்கவலைக்கு ஹேதுவே இல்லை. மங்குவது வைரத்தின் சுபாவமன்று; அதன்மேல் படிந்திருப்பது எண்ணெய்.

வைரம் ஜலத்தை ஒட்டவிடாது, எண்ணெய்ப் பசையையோ விடாமல் பற்றிக்கொள்ளும். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லிச் சுரங்கங்களில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், நொறுக்கிய பாறையை நீரோடு சேர்த்துக் கொழுப்புப் பூசிய சாய்வான மேஜைகளின்மீது ஓடவிட்டு, மற்றக் கற்களெல்லாம் வழுக்கிப் போக வைரங்கள் மட்டும் கொழுப்பில் ஒட்டி நிற்குமாறு செய்து பிரித்தெடுத்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் பெருமையோடு சொல்லும் 'புளூ ஜாகர்' கல்லும் அந்தத் தேசத்துச் சுரங்கம் ஒன்றின் பெயரைத் தாங்கியதுதான். அப்படிப்பட்ட கல், தேங்காயெண்ணெய் தடவிய கூந்தலுக்கு அருகிலேயே அல்லும் பகலும் இருந்தால் பிசுக்கு ஏறாமல் என்ன செய்யும்!

முகப்பில் ஏறிய பிசுக்கைவிடப் பின்புறத்துப் பிசுக்கே அதிகக் கெடுதல் விளைவிப்பது. மேலிருந்து கல்லுக்குள் புகுந்த வெளிச்சம், அடிப்பட்டைகளில் மோதித் திரும்பி நம் கண்ணை அடைவதையே ஜொலிப்பு என்கிறோம். அந்தப் பட்டைகளை எண்ணெய்ப் படலம் மூடிவிட்டால், வெளிச்சத்தில் ஒரு பாகம் திரும்பாமல் அவ்வழியே வெளியேறிவிடுகிறது. ஆகையால் முந்தானையால் முகப்பைத் துடைத்துவிட்டுத் திருப்தியடைவது வீண் பிரயத்தனம்.

பூந்திக்கொட்டையை உடைத்து, விதையை நீக்கி, தோலை வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்தால் நுரை பொங்கும். வெதுவெதுப்பான அந்த நீரில் தோட்டைச் சிறிது நேரம் ஊறப்போட்டு, குழந்தைகளின் மிருதுவான பல் பிரஷால் பின்துளைகளையும் திருகாணியின் புரிகளையும் நிதானமாகத் தேய்த்தால், சாம்பல் நிறத்தில் குழைந்த அழுக்கு கழன்று நீரைக் கலக்குவதைக் கண்ணாலேயே காணலாம். இவ்வளவும் கிண்ணத்தில் வைத்துச் செய்யவேண்டிய காரியம். குழாயடியில் செய்யப்போய்த் திருகாணி சாக்கடையோடு போன வீடுகள் எத்தனையோ!

ஆனால் இந்த ஸ்நானம் எல்லா ஆபரணங்களுக்கும் ஏற்றதன்று. பின்புறம் தகட்டால் அடைத்துக் கட்டிய பழைய நகைகளிலும், நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகைகளிலும் நீர் உள்ளே புகுந்தால் வெளிவர வழியில்லை. வெந்நீரின் உஷ்ணமோ கற்களைப் பிடித்திருக்கும் அரக்கை இளக்கிவிடும். அவற்றை உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மரகதத்தின் விஷயம் இன்னும் விசித்திரமானது. அதற்குள் இயற்கையாகவே உள்ள நுண்ணிய பிளவுகள் தெரியாதிருக்க வியாபாரிகள் எண்ணெய் ஊட்டுவது நெடுநாளைய வழக்கம். வைரத்திலிருந்து நாம் பாடுபட்டு அகற்றும் அந்த வஸ்துவையே மரகதத்தில் பாதுகாக்கவேண்டியிருப்பதால், வெந்நீரும் சோப்பும் அதற்கு ஆகா. முத்தும் பவழமும் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்தால் ஆனவை. எலுமிச்சையும் புளியும் அவற்றின் மேற்பரப்பை அரித்துவிடும்.

தங்கத்துக்கு வரும் தீங்கு பெரும்பாலும் மனிதர் கையால் வருவதே. 22 காரட் நகையில் 1000 பங்குக்கு 916 பங்கு தங்கம். எஞ்சியது செம்பும் வெள்ளியும். இக்கலவை மென்மையானது. பற்பசையில் பல்லின் கறை போக்கக் கலந்த நுண்பொடி அதைக் கீறிவிடும். வெளுக்கப் பயன்படும் குளோரின் திரவம் அதன் பற்றுகளை நாளடைவில் பலவீனப்படுத்தும். எல்லாவற்றினும் கொடியது, வாசலில் வந்து பாலிஷ் போட்டுத் தருவதாகக் கூவும் அந்நியனிடம் தாலிச்சங்கிலியைக் கழற்றிக் கொடுப்பது. நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த ராஜதிராவகம் தங்கத்தைக் கரைக்கும் சக்தி வாய்ந்தது. சங்கிலி பளபளப்பாகத் திரும்பி வந்தாலும், கரைந்துபோன பாகம் அவன் எடுத்துச் செல்லும் பாத்திரத்தில் இருக்கும்.

தலைவாரி, பூச்சூடி, வாசனைத் தைலமும் பூசிய பிறகு கடைசியாக நகை அணிவதும், களைந்தவுடன் துடைத்து ஒவ்வொன்றையும் தனித்தனிப் பருத்தித் துணியில் சுற்றி வைப்பதும் ஸ்திரீகள் எளிதில் கைக்கொள்ளக்கூடிய வழக்கங்கள். முக்கியமாக வைரத்தை முத்துமாலையோடு ஒரே பெட்டியில் கலந்து போடலாகாது. உலகிலுள்ள மற்ற எல்லா ரத்தினங்களையும் கீறவல்ல அந்தக் கல்லின் ஓர் உரசலுக்கு முத்து தாங்காது.