மைக் செட் கேட்டு வருவோருக்கு நாம் சொல்ல வேண்டியவை

பழவேற்காடு ஏரியோரக் குப்பங்களிலிருந்து மைக் செட் வாங்க வருவோர் முதலில் கேட்பது "எத்தனை வாட்ஸ்?" என்பதுதான். நம் கடைக்காரர்களும் இருப்பதில் பெரியதை எடுத்துக் கட்டிக் கொடுத்து விடுகிறார்கள். திருவிழாவுக்கு அது சரி. புயல் எச்சரிக்கையையும் அதே குழாயில்தான் சொல்ல வேண்டும். அப்போது சொல் புரியாவிட்டால் எவ்வளவு சத்தம் இருந்தும் பயனில்லை.

2004 டிசம்பர் 26 அன்று புதுச்சேரி அருகேயுள்ள நல்லவாடு மீனவ கிராமத்துக்கு சிங்கப்பூரிலிருந்து ஒருவர் போன் செய்து கடல் பற்றி எச்சரித்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கு அமைத்திருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். ஊர் மக்கள் வெளியேறி உயிர் தப்பினார்கள். நாம் விற்கும் சரக்கின் மதிப்பு அவ்வளவு.

50 வாட்ஸை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். எனவே வால்யூமை முழுக்கத் திருப்புவதில் லாபமில்லை. ஆம்ப்ளிபயர் திணறும், சொல் கரகரக்கும், கடைசியில் யூனிட்டின் காயில் கருகும். (பிறகு நம் கடைக்கே வந்து சண்டை போடுவார்கள்!) முக்கால் அளவோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். தூரத்தில் இரண்டு குழாய்களை எதிரெதிராகக் கட்டினால் ஒரே சொல் இரண்டாகக் கேட்கும். ஊர் நடுவே உயரமான கம்பத்தில் முதுகோடு முதுகாகக் கட்டுவதே நல்லது. மைக் குழாயின் பின்புறம் இருந்தால் கூவல் வராது. ஒயர் நீளமானால் 100 வோல்ட் லைனும் மாட்சிங் டிரான்ஸ்பார்மரும் கொடுங்கள். ஆனால் அந்த லைனைத் தொட்டால் ஷாக் அடிக்கும், ஓடும்போது யாரும் கைவைக்கக் கூடாது. எர்த் இல்லாமல் ஆம்ப்ளிபயரைப் போடவே கூடாது. ஈரக் கையோடு வலை வேலையிலிருந்து வந்து மைக்கைப் பிடிப்பவர்கள் அவர்கள்.

உப்புக் காற்றில் செம்பு ஒயர் பச்சை பூத்துவிடும். இணைப்பு முனைகளைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்ற வேண்டும். புயலில் கரண்ட் போய்விடும் என்பதால் 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும் மாடலே விற்கத் தக்கது.

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி முன் அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பொது அவசர நிலைக்கு விலக்கு உண்டு.

ஐப்பசி பிறக்கும் முன்பே ஒருமுறை பேட்டரியில் ஓட்டிப் பார்த்து, ஊரின் கடைசி வீட்டில் சொல் புரிகிறதா என்று கேட்டுவரச் சொல்லுங்கள்.