உர மூட்டையில் எழுதியுள்ள மணிச்சத்து

குறுவைச் சாகுபடிக்கு உரம் வாங்கும் தஞ்சை விவசாயிகள் டி.ஏ.பி. மூட்டையின்மீது 18–46–0 என்னும் எண்களைக் கண்டிருப்பர். இவற்றுள் 46 என்பது நூற்றுக்கு 46 பங்கு பாஸ்பரஸைக் குறிப்பதாகக் கருதுவோர் உண்டு. அஃது அவ்வாறன்று, 'பி₂ஓ₅' என்னும் சூத்திரத்தின்படி வகுத்த கணக்கு அது.

இச்சூத்திரத்தைப் படித்தல் கடினமன்று. பி என்பது பாஸ்பரஸ். ஓ என்பது பிராணவாயுவாகிய ஆக்சிஜன். கீழேயுள்ள சிற்றெண் அணுக்களின் எண்ணிக்கை. உலோகமல்லாத இரு மூலகங்கள் எலெக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டு கூடும்போது, அவ்வெண்ணிக்கையைப் பெயரிலும் சேர்த்துச் சொல்வது இரசாயன நூலார் மரபு. மூன்றுக்கு டிரை, நான்குக்கு டெட்ரா, ஐந்துக்குப் பென்டா, பத்துக்கு டெக்கா என்பர். ஒரு பாஸ்பரஸ் அணுவுடன் மூன்று குளோரின் அணுக்கள் கூடினால் பாஸ்பரஸ் டிரைகுளோரைடு, அது திரவம். ஐந்து கூடினால் பென்டாகுளோரைடு, அது திடப்பொருள். எண் மாறினால் பொருளே மாறிவிடும்.

அம்முறைப்படியே பி₂ஓ₅ என்பதைப் பென்டாக்சைடு என்றனர். உண்மையில் அதன் மூலக்கூறு பி₄ஓ₁₀. முறையான பெயர் டெட்ராபாஸ்பரஸ் டெக்காக்சைடு. விகிதம் ஒன்றே ஆதலால் பழைய பெயர் நிலைத்துவிட்டது. வேடிக்கை என்னவெனில், மூட்டைக்குள் இப்பொருள் அறவே கிடையாது! நீரைக் கண்டால் சீறிப் பாய்ந்து அமிலமாகிவிடும் பொருளை வயலில் இட இயலுமா? உள்ளே இருப்பது பாஸ்பேட் உப்பே. சத்தை ஆக்சைடாகக் கணக்கிட்ட பழைய இரசாயனிகளின் வழக்கம் மட்டும் மூட்டையின்மேல் எஞ்சி நிற்கிறது.

பாஸ்பரஸ் அணுவின் நிறை 31. ஆக்சிஜனின் நிறை 16. எனவே பி₂ஓ₅இல் 62 பங்கு பாஸ்பரஸ், 80 பங்கு ஆக்சிஜன், மொத்தம் 142. அதாவது நூற்றுக்குச் சுமார் 44 பங்கே பாஸ்பரஸ். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் 23 கிலோ பி₂ஓ₅ என்று கணக்கு; பாஸ்பரஸோ 10 கிலோதான்.

இதனால் விளையும் நட்டம் சிறிதன்று. எக்டேருக்கு 50 கிலோ மணிச்சத்து இடுமாறு கூறினால், அது பி₂ஓ₅ கணக்கு. அதற்கு டி.ஏ.பி. 109 கிலோ, அல்லது 16 சதவீத சூப்பர் பாஸ்பேட் சுமார் 312 கிலோ போதும். 50 கிலோவும் தனிப் பாஸ்பரஸ் என்று கொண்டால், இரண்டு மூட்டைக்குச் சற்று மிகுதியாக வேண்டிய இடத்தில் ஐந்து மூட்டை டி.ஏ.பி. செலவாகும். பணம் வீணாவதோடு, மிகுந்த மணிச்சத்து நெற்பயிருக்குத் துத்தநாகம் கிடைப்பதையும் குறைக்கும்.

மண் பரிசோதனைச் சீட்டில் மணிச்சத்து தனிப் பாஸ்பரஸாகவும் குறிக்கப்படுவதுண்டு. அவ்வாறாயின் அதனை 2.29ஆல் பெருக்கிய பின்னரே பி₂ஓ₅ அளவுடன் ஒப்பிட வேண்டும். 109 கிலோ டி.ஏ.பி.யில் ஏறத்தாழ 20 கிலோ தழைச்சத்தும் வருவதால், யூரியா இடுகையில் அதனைக் கழித்துக்கொள்க.