ஏழு முறை கலைத்தீர்களா?

விடுமுறை நாள். வெளியே மழை. பாயை விரித்து வீட்டில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து 'கழுதை' ஆடிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு ஆட்டம் முடிவதற்குள் சின்னவன் சிணுங்க ஆரம்பிக்கிறான்: "அப்பா கலைச்சுப் போட்டா எனக்கு நல்ல சீட்டே வராது!" அப்பாவுக்குக் கோபம் வருகிறது. பாட்டி சமாதானம் செய்கிறாள்: "அவன் கைராசி அப்படிடா."

அப்பா குற்றமற்றவர், அதில் ஐயமில்லை. ஆனால் சின்னவன் சொல்வதிலும் ஓரளவு உண்மை இருந்தால்? கைராசியில் அல்ல, அப்பா சீட்டைக் கலைக்கும் முறையில்தான் விஷயம் இருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா?

முதலில் ஒரு கணக்கு. 52 சீட்டுகளை எத்தனை விதமாக அடுக்கலாம்? முதல் இடத்தில் 52 சீட்டுகளில் ஏதாவது ஒன்று வரலாம். இரண்டாம் இடத்தில் மீதி 51-ல் ஒன்று. மூன்றாவதில் 50-ல் ஒன்று. இப்படியே 52×51×50×... என்று ஒன்று வரை பெருக்கினால் கிடைக்கும் எண்ணுக்கு 68 இலக்கங்கள். 8 என்று எழுதி அதன் பின்னால் 67 சுழிகளை இட்டால் கிட்டத்தட்ட அதுதான். பிரபஞ்சம் தோன்றி ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அன்று முதல் இன்று வரை 800 கோடிப் பேர் வினாடிக்கு ஓர் அடுக்கு வீதம் ஓயாமல் அடுக்கி வந்திருந்தாலும் 28 இலக்க எண்ணைத்தான் எட்டியிருப்பார்கள். நன்றாகக் கலைத்த கட்டு ஒவ்வொன்றும் உலகம் இதுவரை காணாத புதிய வரிசை என்றே சொல்லிவிடலாம்.

'நன்றாகக் கலைத்த' என்ற சொல்லில்தான் சிக்கல்.

நம் வீடுகளில் பெரும்பாலோர் எப்படிக் கலைக்கிறார்கள்? இடக்கையில் கட்டைப் பிடித்து, வலக்கையால் கொத்துக் கொத்தாக உருவி ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுகிறார்கள். பார்ப்பதற்கு மும்முரமாக இருக்கிறது. ஆனால் உண்மையில் என்ன நடக்கிறது? கொத்துகள் இடம் மாறுகின்றன. கொத்துக்குள் இருக்கும் சீட்டுகள் தங்கள் அண்டை வீட்டாரை விட்டுப் பிரிவதே இல்லை.

இதை எண்ணிப் பார்க்கலாம். ஒரு கட்டில் அடுத்தடுத்த ஜோடிகள் 51 உண்டு. கட்டை எட்டுக் கொத்தாக உருவிப் போட்டால் ஏழு ஜோடிகள்தாம் பிரிகின்றன. மீதி 44 ஜோடிகள் அப்படியே. ஐந்து முறை இப்படிச் செய்தாலும் அதிகம் போனால் 35 ஜோடிகள் பிரியும். குறைந்தது 16 ஜோடிகள் முந்தைய ஆட்டத்தில் இருந்தபடியே ஒட்டிக்கொண்டிருக்கும். சரியாகக் கலைந்த கட்டில் எத்தனை ஜோடிகள் தற்செயலாக அப்படி அமையும் தெரியுமா? சராசரியாக ஒன்றே ஒன்று!

இதனால் ஆட்டத்துக்கு என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். 'கழுதை' ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் இஸ்பேட் இறக்கினால் மற்றவர்களும் இஸ்பேட் இறக்கவேண்டும். எல்லோரிடமும் அந்த இனம் இருந்துவிட்டால் நான்கு இஸ்பேட்டுகளும் சேர்ந்தாற்போல் ஓரமாகக் கவிழ்த்து வைக்கப்படும். அடுத்த சுற்றில் நான்கு ஆர்ட்டின், பிறகு நான்கு டைமன். ஆட்டம் முடியும்போது ஓரத்தில் கிடக்கும் குவியல் நான்கு நான்காக இனம் பிரித்து அடுக்கியதுபோல் இருக்கும். அதை இரண்டு தடவை உருவிப் போட்டுவிட்டு ஆளுக்கு ஒன்றாகப் பங்கிடுகிறீர்கள். அடுத்தடுத்து இருக்கும் எந்த நான்கு சீட்டும் நான்கு வேறு ஆட்களுக்குத்தானே போகும்? ஆகவே எல்லோர் கையிலும் எல்லா இனமும் மூன்று, நான்கு என்று ஒழுங்காக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. யாரிடமும் இனம் தீரவில்லை, வெட்டுவதற்கு வழியில்லை, ஆட்டம் சவசவ என்று இழுக்கிறது. உண்மையாகவே கலைந்த கட்டில் ஏறத்தாழ இருபது கைகளில் ஒரு கையில் ஏதேனும் ஓர் இனம் அறவே இல்லாமல் வரவேண்டும். அந்தக் கை வந்தால்தான் கழுதைக்குச் சுவை!

ரம்மியில் சின்னவனின் குறை இன்னும் நியாயமானது. போன ஆட்டத்தில் யாரோ அரும்பாடுபட்டுச் சேர்த்த 7, 8, 9 கிளாவர் ஒன்றாகவே கட்டுக்குள் போகிறது. அரைகுறையாகக் கலைத்து ஆளுக்கு ஒன்றாகப் போட்டால் அந்த மூன்றும் மூன்று பேருக்குப் பிரிந்துவிடும். சேரவேண்டியவை திட்டமிட்டதுபோல் சிதறுகின்றன. "சீட்டே வரலை" என்ற புலம்பல் பிறக்கும் இடம் இதுதான்.

யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டின் சில பகுதிகளிலும் ஆடும் 'முந்நூற்று நாலு' ஆட்டத்தில் நிலைமை தலைகீழ். (ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஆக இனத்துக்கு 76. நான்கு இனத்துக்கும் 304. பெயரின் கணக்கு அவ்வளவே.) இதில் சீட்டை நான்கு நான்காகப் பங்கிடுவது வழக்கம். ஒட்டியிருக்கும் கொத்து ஒருவர் கைக்கே போய்ச் சேர்கிறது. ஒரே இனத்தில் நான்கு சீட்டைக் கண்டவர் துணிந்து கேள்வியை ஏற்றிவிடுகிறார். அதே சோம்பல் கலைப்பு, ஓர் ஆட்டத்தில் எல்லோரையும் ஏழையாக்குகிறது. இன்னோர் ஆட்டத்தில் சிலரைத் திடீர்ப் பணக்காரராக்குகிறது.

சரி, எப்படித்தான் கலைப்பது?

கட்டை ஏறக்குறையப் பாதியாகப் பிரித்து, இரண்டு பாதிகளின் ஓரங்களையும் கட்டைவிரல்களால் வளைத்து, 'சர்ர்ர்' என்று விட்டு ஒன்றுக்குள் ஒன்று கோக்கும் முறையைப் பார்த்திருப்பீர்கள். இதைக் 'கோத்துக் கலைத்தல்' என்று வைத்துக்கொள்வோம். இதன் கணிதத்தை 1955-ஆம் ஆண்டிலேயே எட்கர் கில்பர்ட்டும், தகவல் கோட்பாட்டின் தந்தையான கிளாட் ஷானனும் ஆராய்ந்தார்கள். 1992-ல் டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற இரு அமெரிக்கக் கணித அறிஞர்கள் முழு விடையைத் தந்தார்கள். இவர்களில் டயகோனிஸ், பதினான்கு வயதில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு ஒரு பெரிய மாயவித்தைக்காரருடன் ஊர் ஊராகச் சுற்றியவர். சீட்டுக்கட்டு கையிலிருந்து கணிதத்துக்குப் போனவர் என்றே சொல்லலாம்.

அவர்களுடைய வாதத்தின் உயிர்நாடியை எட்டுச் சீட்டை வைத்தே புரிந்துகொள்ளலாம். 1 2 3 4 5 6 7 8 என்று அடுக்கி, நடுவில் பிரித்து, ஒருமுறை கோத்துக் கலையுங்கள். 1 5 2 6 7 3 4 8 என்று வரலாம். உற்றுப் பாருங்கள்: 1, 2, 3, 4 இன்னும் அதே வரிசையில்தான் இருக்கின்றன, இடையில் வேறு சீட்டுகள் நுழைந்திருந்தாலும். 5, 6, 7, 8-ம் அப்படியே. இரண்டு நிற நூலைச் சேர்த்து முறுக்கியதுபோல் இரண்டு இழைகள். மறுபடி கலைத்தால் அதிகபட்சம் நான்கு இழைகள், பிறகு எட்டு, பதினாறு. ஒவ்வொரு தடவையும் இரட்டிப்புக்கு மேல் போகாது.

52 சீட்டுகள் முற்றிலும் கலைந்த கட்டில் சராசரியாக 26 அல்லது 27 இழைகள் இருக்கவேண்டும். நான்கு முறை கலைத்தால் 16-ஐத் தாண்டவே முடியாது. ஐந்து முறைக்கு உச்சவரம்பு 32. ஆனால் அடியோடு தலைகீழான வரிசைக்கு 52 இழைகள் தேவை. ஆகவே ஐந்து கலைப்பில் எட்டவே முடியாத வரிசைகள் எண்ணற்றவை. ஆறாவதில் கதவு திறக்கிறது. எல்லா வரிசைகளுக்கும் ஏறத்தாழச் சமமான நிகழ்தகவு கிடைக்கத் தொடங்குவது ஏழாவது முறையில். அதற்குமேல் ஒவ்வொரு கலைப்புக்கும் எஞ்சிய குறை சுமார் பாதியாகிறது. 'ஏழு முறை' என்ற பெயர்பெற்ற விடை பிறந்த கதை இதுதான்.

அப்பாவின் உருவிப் போடும் முறைக்கு எத்தனை தடவை தேவை? ராபின் பெமான்டில் என்பவர் 1989-ல் இதை ஆராய்ந்தார். ஆயிரக்கணக்கில் போகிறது கணக்கு! மழை நின்று, விடுமுறையும் முடிந்துவிடும்.

இழைகளை வைத்து ஒரு வேடிக்கையும் செய்யலாம். வரிசையாக அடுக்கிய கட்டை அக்காவிடம் கொடுங்கள். மூன்று முறை கோத்துக் கலைக்கட்டும். பிறகு மேல்சீட்டைப் பார்த்துவிட்டு, கட்டின் நடுவே எங்காவது செருகட்டும். நீங்கள் கட்டை வாங்கி இழை பிரியுங்கள். எட்டு நீள இழைகளும், பெரும்பாலும் ஒற்றைச் சீட்டாக ஒன்பதாவது இழையும் கிடைக்கும். அந்த ஒற்றைதான் அக்கா பார்த்தது. எப்போதாவது தவறலாம், அப்போது பாட்டியின் கைராசிமேல் பழியைப் போடுங்கள்.

இன்னொரு விந்தை. கட்டைச் சரியாக 26, 26 எனப் பிரித்து, மேல்சீட்டு மேலேயே இருக்கும்படி ஒன்றுவிட்டு ஒன்று பிசகாமல் கோத்தால், எட்டாவது கலைப்பில் கட்டு தொடங்கிய வரிசைக்கே திரும்பிவிடும். கைத்தேர்ச்சி மிகுந்தவரைவிட, கொஞ்சம் தடுமாறிக் கலைப்பவரே நல்ல கலைப்பாளர்.

கோத்துக் கலைக்கச் சிறுவர்களின் கை எட்டாது. பழைய அட்டைச் சீட்டுகள் மடங்கியும் போகும். அதற்கும் வழி உண்டு, அதுவும் சின்னவனுக்கே தெரிந்த வழி. எல்லாச் சீட்டையும் பாயில் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு கைகளாலும் மாவு பிசைவதுபோல் துழாவுகிறானே, "விளையாட்டைக் கெடுக்காதே" என்று அவனை அதட்டுகிறோமே, அதையும் டயகோனிஸ் ஆராய்ந்திருக்கிறார். ஒரு நிமிடம் போல் நன்றாகத் துழாவினால் போதுமான அளவுக்குக் கலைந்துவிடுகிறது.

ஐயமிருந்தால் இன்று மாலையே சோதித்துப் பாருங்கள். கட்டை ஆஸ், 2, 3 என்று ராஜா வரை இனவாரியாக அடுக்குங்கள். அப்பா தம் வழக்கப்படி கலைக்கட்டும். பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பி, தனக்கு அடுத்த சீட்டு உடனே பின்னால் வரும் இடங்களை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி அடுக்கிச் சின்னவனிடம் கொடுத்து, ஒரு நிமிடம் துழாவச் சொல்லி எண்ணுங்கள். ஒன்று, இரண்டு, மூன்றுக்குள் வந்தால் கட்டு கலைந்துவிட்டது. பத்துக்கு மேல் வந்தால், அடுத்த ஆட்டத்துக்குக் கலைப்பவரை மாற்றுங்கள்.