வெள்ளி ஏன் மறையவில்லை?

2023 மார்ச் 24, வெள்ளிக்கிழமை. மேற்கு வானில் மூன்றாம் பிறை, அதனருகே வெள்ளிக்கோள். விடுமுறைக்கு வந்திருந்த நான், கடைவீடுகளின் கூரை மறைக்காத இடம் தேடி, சிராங்கூன் சாலையிலிருந்து ஃபேரர் பார்க் பக்கம் அக்காள் மகனை அழைத்துச் சென்றேன். “நிலவு இப்போது வெள்ளியை மறைத்துவிடும், பார்” என்றேன். தமிழ்நாட்டு உறவினர் கைப்பேசியில் அனுப்பிய செய்தி தந்த துணிவு அது. எட்டு மணியளவில் வெள்ளி பிறையின் தென்கொம்பை உரசுவதுபோல் நெருங்கிற்று, பின் விலகிற்று.

“என்ன மாமா, மறையவே இல்லையே!” என்றான் பையன். ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கும் எனக்கு விடை வரவில்லை.

செய்தி பொய்யன்று. கொடைக்கானலில் அன்று பகல் வெளிச்சத்திலேயே வெள்ளி மறைந்து வெளிப்பட்டது. பாங்காக்கில் கதிரவன் மறைந்த சற்று நேரத்தில் மறைந்தது. சிங்கப்பூருக்கு அப்பேறு கிட்டாததற்குக் காரணம் இடமாறு தோற்றமே.

கையை நீட்டிப் பெருவிரலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தொலைவிலுள்ள விளக்குக் கம்பத்தை மறையுங்கள். தலையைச் சற்றே நகர்த்துங்கள், கம்பம் வெளிப்படும். நிலவு அப்பெருவிரல், வெள்ளி அக்கம்பம். அன்று வெள்ளி நிலவைவிட ஏறத்தாழ 500 மடங்கு தொலைவில் இருந்தது. வெள்ளியின் ஒளியில் நிலவு பூமிமீது ஒரு நிழல் வீழ்த்துகிறது என்று கொள்ளலாம். அதன் அகலம் நிலவின் குறுக்களவே, அதாவது ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். அந்நிழல் சென்ற பாதையில் இருந்தோருக்கே மறைப்பு. நமக்கு வடக்கே 1,400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாங்காக் உள்ளே. நாம் தெற்கு விளிம்புக்கு வெளியே. 2019 டிசம்பர் 26 கதிரவன் மறைப்பில் நிலைமை வேறு: சிங்கப்பூரில் முழு வளையம் தெரிந்தது, சென்னையில் பகுதி மறைப்புத்தான். கணக்கு ஒன்றே, ஊர்தான் மாறியது.

மறைப்பு நிகழும் ஊரில் இருப்போர் இன்னொன்றையும் கவனிக்கலாம். நிலவு கிழக்கு நோக்கி நகர்வது. வளர்பிறையில் கிழக்கு விளிம்பு இருண்டிருக்கும். ஆகவே கோள் இருண்ட விளிம்பில் மறைந்து, ஒளி விளிம்பில் வெளிப்படும். செவ்வாய் இவ்வாறு மறைந்து வெளிவந்ததைக் கண்ட அரிஸ்டாட்டில், செவ்வாய் நிலவுக்கு அப்பால் உள்ளதென்பதற்கு அதைச் சான்றாக்கினார். விண்மீனாயின் நொடிப்பொழுதில் அணைந்துவிடும்; மெல்ல மங்கச் செய்யும் காற்று நிலவில் இல்லை. வெள்ளியோ சிறு வட்டமாதலால் மறைய ஏறக்குறைய அரை நிமிடம் ஆகும்.

வேற்றூர்ச் செய்தியை நம்மூர் வானத்துக்குப் பொருத்தியது என் பிழை. அதைப் பையனிடம் ஒப்புக்கொண்டு பெருவிரல் சோதனையைச் செய்யச் சொன்னேன். தலையை இருபுறமும் ஆட்டிப் பார்த்துவிட்டு, “அப்படியானால் அன்றைக்கு நாம் பாங்காக் போயிருக்க வேண்டும், மாமா” என்றான்.