இழை சேரும் இடம்

'நூல்' என்னும் ஒரே சொல்லால் ஆடைக்கு உரிய இழையையும் அறிவுக்கு உரிய ஏட்டையும் தமிழர் குறித்தனர். நன்னூலின் பாயிரம் இவ்விரண்டையும் ஓர் உவமையில் பொருத்திக் காட்டுகிறது. சொற்கள் பஞ்சு, புலவன் நூற்கும் பெண், அவன் வாய் அவள் கை, அவன் அறிவு அவள் சுழற்றும் கதிர். உவமையை நாம் உரையின் துணைகொண்டு விளங்கிக்கொள்கிறோம். கதிர் சுழல்வதையோ தறி அசைவதையோ நேரில் கண்டு அதனை விளங்கிக்கொண்ட தலைமுறைகள் நமக்கு முன்னர் இருந்தன. நூல்வினையை அறிந்து சுவைப்பதற்கு, நம் நாட்டிலேயே அது மிக நுட்பமாக விளங்கும் காஞ்சிபுரத்துப் பட்டுத் தறியை அணுகிப் பார்ப்போம்.

பட்டு, புழுவின் வாய்வழி வெளிப்படும் இழை. முசுக்கொட்டை இலையைத் தின்று வளர்ந்த புழு, தன்னைச் சுற்றித் தானே ஒரு கூட்டைப் பின்னிக்கொள்கிறது. அக்கூடு, அறுபடாத ஒரே இழையால் ஆனது; அதன் நீளம் பெரும்பாலும் 600 முதல் 900 மீட்டர் வரை இருக்கும். கூட்டை வெந்நீரில் இட்டு, இழையின் நுனியைக் கண்டெடுத்துப் பிரிக்கின்றனர். உள்ளிருக்கும் உயிர் அப்போது அழிந்துவிடுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஒரு கூட்டின் இழை தலைமயிரைவிட மிக மெல்லியது. ஆகவே பல கூடுகளின் இழைகளை ஒன்றுசேர்த்தே நூலாக இழுக்கின்றனர். பிறகு இரண்டு மூன்று நூல்களைச் சேர்த்து முறுக்கேற்றுகின்றனர். காஞ்சிப் பட்டின் கனத்துக்கும் உறுதிக்கும் இந்த முறுக்கு ஒரு முதன்மைக் காரணம்.

புதிதாக இழுத்த பட்டு மின்னுவதில்லை. அதன்மேல் செரிசின் என்னும் இயற்கைப் பசை படிந்திருப்பதால் அது விறைப்பாகவும் மங்கலாகவும் இருக்கும். சோப்பும் காரமும் கலந்த நீரில் வேகவைத்தால் அப்பசை கரைந்துவிடும். நூலின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அதனுடன் போய்விடும். எஞ்சுவது ஃபைப்ராயின் என்னும் புரதம். அதன் குறுக்குவெட்டு முக்கோணத்தை ஒத்தது. வட்டமான இழையைப் போலன்றி, முக்கோண இழை ஒளியைப் பல கோணங்களில் திருப்புகிறது. பட்டின் பளபளப்புக்கு உரிய காரணம் இதுவே. அது மேலே பூசப்பட்ட மெருகு அன்று.

சாயம் ஏற்றிய நூலைப் பாவாக்குவது அடுத்த பணி. தறியில் நீளவாக்கில் கட்டப்படும் நூல் பாவு. அதன் குறுக்கே ஓடுவது ஊடை. சேலையின் அகலத்துக்குச் சில ஆயிரம் பாவிழைகள் வேண்டும். அவற்றைத் தெருவின் நீளத்துக்கு விரித்துக்கட்டிக் கஞ்சி தோய்த்து, சிக்கெடுத்து உலர்த்துவர். காஞ்சியின் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் வெயில் ஏறுமுன் நிகழும் இப்பணியில் வீட்டார் மட்டுமன்றி அக்கம்பக்கத்தாரும் கைகொடுப்பர். நெசவாளர் ஒருவரின் பெயரால் விற்பனைக்கு வரும் சேலையில் எத்தனை பேருடைய உழைப்பு அடங்கியுள்ளது என்பதை இந்தத் தெருக்காட்சி உணர்த்தும். சரிகையின் கதையும் இத்தகையதே. செந்நிறப் பட்டிழையின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக்கம்பியைச் சுற்றி, அதற்குப் பொன்முலாம் பூசிச் சரிகை ஆக்குகின்றனர். குசராத்தின் சூரத்து நகரம் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது.

பாவும் ஊடையும் வேறுவேறு நிறமாக இருப்பின், இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு சாயல் துணியில் தோன்றும். நீலப் பாவில் பச்சை ஊடையை ஓட்டினால், துணி அசையும்தோறும் நீலமும் பச்சையும் மாறிமாறி ஒளிர்ந்து மயிற்கழுத்தை நினைவூட்டும். நெய்பவர் நிறங்களைச் சாயத்தொட்டியில் கலப்பதோடு நிற்காமல் தறியிலும் கலக்கிறார். நிறங்களுக்குப் பெயரிடுவதிலும் இவ்வுலகம் சுவையானது, இசைவாணி எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் ஒரு நீலமே வழங்குகிறது.

ஆனால், இந்தக் கலப்பே ஒரு சிக்கலையும் உண்டாக்குகிறது. சேலையின் உடல் பச்சை, கரை அரக்குச் சிவப்பு என்று கொள்வோம். பச்சை ஊடையை ஒரு கரையிலிருந்து மறுகரைவரை ஓட்டினால், கரையின் சிவப்புப் பாவோடு பச்சை கலந்து கரையின் நிறம் கெட்டுவிடும். கரை தூய சிவப்பாக நிற்கவேண்டுமெனில், கரைக்குச் சிவப்பு ஊடையும் உடலுக்குப் பச்சை ஊடையும் தனித்தனியே ஓடவேண்டும். அவ்வாறாயின் இரண்டும் சந்திக்கும் இடத்தில் துணி பிளந்துவிடாதா?

இவ்வினாவுக்குக் காஞ்சி நெசவு கண்ட விடையே 'கோர்வை'. இரு கரைகளுக்கும் உடலுக்குமாக மூன்று நாடாக்கள் இயங்குகின்றன. நாடா என்பது ஊடை நூலைச் சுமந்து பாவுக்கு இடையே ஓடும் கருவி. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் எல்லையில் ஒன்றையொன்று வளைத்துப் பற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்புகின்றன. ஒவ்வோர் ஓட்டத்திலும் இந்தப் பிணைப்பு நிகழவேண்டும். பிடி தளர்ந்தால் இடைவெளி விழும். இறுகினால் துணி சுருங்கும். கரையிலிருந்து உடலுக்குள் கூர்கூராக ஏறும் கோபுர வடிவமும் இவ்வெல்லையில் பிறப்பதே. இணைக்க வேண்டிய கட்டாயத்தையே அழகாக மாற்றிக்கொண்டனர் நம் நெசவாளர். மயில்கண், ருத்திராட்சம், தாழம்பூ ஆகியவற்றைவிட இந்த இணைப்பே காஞ்சிப் பட்டின் தலைசிறந்த வேலைப்பாடு என்பது இக்கட்டுரையின் கருத்து.

முந்தியை உடலோடு சேர்ப்பதற்கு வேறொரு முறை உண்டு. முந்தியின் நிறம் வேறாக இருப்பின், பாவையே மாற்றவேண்டும். உடலின் பாவிழை ஒவ்வொன்றோடும் முந்தியின் பாவிழை ஒவ்வொன்றைக் கையால் இணைப்பர். சில ஆயிரம் இழைகளுக்குச் சில ஆயிரம் இணைப்புகள். இதற்குப் 'பேட்னி' என்று பெயர். அவ்விடத்தில் தெரியும் பல்வரிசை போன்ற கோட்டைப் பலர் பழுது என்று எண்ணுவதுண்டு. அது கைவினையின் அடையாளம்.

கோர்வைக்கு இருவர் வேண்டும். ஒரு கரையின் நாடாவை நெசவாளர் தாமே கடத்துவார். கைக்கு எட்டாத மறுகரையின் நாடாவைக் கடத்தத் துணைக்கு ஒருவர் பக்கத்தில் அமர்வார். முன்னாளில் அத்துணைக்கையாக அமர்ந்தவர்களுள் சிறுவர்கள் பலர். உங்கள் வயதினரும், உங்களினும் இளையோரும், பள்ளி நேரத்தில் தறியடியில் இருந்தனர். அவர்கள் பள்ளிக்குச் சென்றது நன்று. அதனால் ஒரு கலை நலியுமாயின், குழந்தைகளைத் திரும்ப அழைப்பது அதற்கு விடை ஆகாது. இன்று கணவனும் மனைவியுமாக அமர்ந்து நெய்யும் வீடுகள் உள்ளன. ஒருவரே மூன்று நாடாக்களையும் இயக்கும் வகையில் தறியைத் திருத்தும் முயற்சிகளும் நடைபெற்றுள்ளன. எனினும், கோர்வை இல்லாமலே அதனைப் போன்ற தோற்றத்தைத் தரும் சேலைகள் கடைகளில் நிறைந்துள்ளன. அவற்றின் விலை குறைவு. முன்பக்கத்தில் வேறுபாடும் எளிதில் தெரியாது.

சட்டம் ஓரளவு துணைநிற்கிறது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில துணிவகைகளைக் கைத்தறிக்கே உரியவையாக ஒதுக்கியது. காஞ்சிபுரம் பட்டு 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் வாங்குபவர் வேறுபாடு அறியாதவராயின், சட்டத்தால் தறியைக் காத்துவிட முடியாது. அறிவதற்கு அரிய வழிகள் தேவையில்லை. வீட்டில் பட்டுச்சேலை இருப்பின் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கரையும் உடலும் சேரும் கோட்டில், இரு நிற ஊடைகளும் கைகோத்துத் திரும்பிய தடம் சற்றே மேடுபள்ளமாகத் தெரிந்தால் அது கோர்வை. உதிரியாகக் கிடைக்கும் ஓர் இழையைப் பெரியவர்கள் உடனிருக்கக் கொளுத்தினால், உண்மைப் பட்டு மயிர் பொசுங்கும் மணத்தோடு எரிந்து, விரலில் நசுங்கும் கரியாகும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாகும்.

இதனினும் நல்ல வழி ஒன்று உண்டு. கெட்டி அட்டை ஒன்றின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் இருபது வெட்டுகள் இட்டு, பருத்தி நூலை மேலும் கீழுமாக இழுத்துக் கட்டினால் பாவு ஆயத்தம். இரண்டு நிறக் கம்பளி நூல்களை இரு தடித்த ஊசிகளில் கோத்து, ஒன்றை இடப்புறமிருந்தும் மற்றொன்றை வலப்புறமிருந்தும் ஓட்டுங்கள். முதற் பத்து வரிசைகளில் இரண்டும் நடுவில் சந்தித்ததும் பிணைக்காமலே திருப்பிவிடுங்கள். நடுவே ஒரு பிளவு விழுவதைக் காண்பீர்கள். பதினோராவது வரிசையிலிருந்து ஒன்றையொன்று வளைத்துப் பிணைத்துத் திருப்புங்கள். பட்டு நூல் வழுக்கும். பழகும் கைக்குக் கம்பளி நூலே ஏற்றது. இருபதாவது வரிசை முடிவதற்குள், எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது விரலுக்குத் தெரியத் தொடங்கும்.