சாரதியைச் சந்தேகிக்க முன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

எமது வர்த்தக சகோதரர்களில் அநேகர் சிறிய பெற்றோல் லொறிகளை நம்பியே தொழில் செய்கிறார்கள். பிஸ்கட், சவர்க்காரம், முட்டை, பிளாஸ்டிக் சாமான் என்று கடைக்குக் கடை இறக்கிச் செல்லும் இந்த வண்டிகள் ஓடினால்தான் லாச்சிக்குக் காசு வரும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆகவே 15, 20 வருடம் ஓடிய வண்டிகளையே இன்னமும் பலர் வைத்திருக்கிறோம்.

பெற்றோலின் அருமையையும் நாம் அனுபவித்து அறிந்தவர்கள். 2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த ஒக்டேன் 92 பெற்றோல், 2022 ஜூனில் 470 ரூபாவானது. அன்று முதல் ஒவ்வொரு முதலாளியும் பெற்றோல் பில்லை உற்றுப் பார்க்கப் பழகிவிட்டோம். அது நல்ல பழக்கம். ஆனால் அதனோடு ஒரு கெட்ட பழக்கமும் சேர்ந்து வந்துவிட்டது. பெற்றோல் செலவு கூடினால் முதலில் சாரதியின் மீதுதான் கண் போகிறது.

எனக்குத் தெரிந்த மாவனல்லை மொத்த வியாபாரி ஒருவர் கிழமையில் ஆறு நாள் கண்டிப் பக்கம் சாமான் அனுப்புகிறார். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடிய அவரது 660 சீசீ லொறி, 11 ஆகி, பிறகு 10 க்கும் கீழே வந்துவிட்டது. நான்கு வருடம் தன்னிடம் வேலை செய்த சாரதி பெற்றோலை இறக்கி விற்கிறார் என்று முடிவு கட்டி, அவரை நிறுத்தப் போவதாக என்னிடம் சொன்னார். "கடைசியாகப் பிளக் மாற்றியது எப்போது நானா?" என்று கேட்டேன். "வண்டி ஸ்டார்ட் ஆகுதுதானே" என்பதுதான் பதில்.

சாரதியிடம் விசாரித்தபோது, கடுகண்ணாவை ஏற்றத்தில் வண்டி உதறுவதைப் பல தடவை சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை என்றார். கராஜில் கழற்றிப் பார்த்தால் மூன்று பிளக்குகளின் முனைகளும் தேய்ந்து உருண்டு போயிருந்தன. 0.8 மில்லிமீற்றர் இருக்க வேண்டிய இடைவெளி 1.4 ஐத் தாண்டியிருந்தது. பிளக்குகளையும் எயார் ஃபில்டரையும் மாற்றிய பிறகு லொறி பழைய கணக்குக்கு அருகில் வந்தது. அந்தச் சாரதி இன்றும் அங்கேதான் வேலை செய்கிறார். ஸூரா அல் ஹுஜுராத்தின் 12 ஆவது வசனம் வீண் சந்தேகத்தை ஏன் விலக்கியிருக்கிறது என்பதை ஒரு கராஜில் நின்று விளங்கிக்கொள்ள முடிந்தது.

தேய்ந்த பிளக் என்ன செய்கிறது?

பிளக்கின் இரு முனைகளுக்கு இடையே பாயும் பொறிதான் பெற்றோல், காற்றுக் கலவையை எரிக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 தடவை சுற்றும்போது ஒவ்வொரு பிளக்கும் 2,000 தடவை பொறி விடுகிறது. ஒவ்வொரு பொறியும் உலோகத்தைச் சிறிது சிறிதாக அரிக்க, இடைவெளி கூடிக்கொண்டே போகும். இடைவெளி கூடினால் பொறி பாய அதிக வோல்ற்று வேண்டும். பாரம் ஏற்றி ஏற்றத்தில் போகும்போது சிலிண்டருக்குள் அழுத்தமும் கூடுவதால், பொறி அங்கேதான் முதலில் தவறும். சமதரையில் நன்றாக ஓடும் வண்டி மலையில் உதறுவது இதனால்தான்.

தவறும் ஒவ்வொரு பொறியிலும் நாம் காசு கொடுத்து வாங்கிய பெற்றோல் எரியாமல் வெளியே போகிறது. அது கெட்டலிற்றிக் கொன்வேட்டருக்குள் போய் எரிந்தால், அதிக சூட்டில் அதன் உட்பகுதி உருகி அடைபடும். பிளாட்டினம், பலேடியம், ரோடியம் அடங்கிய பாகம் அது. அதன் விலை எங்கே, பிளக்கின் விலை எங்கே? கொயிலும் சீக்கிரம் பழுதாகும். வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையிலும் வண்டி தவறக்கூடும்.

ஒரு சின்னக் கணக்கு

லொறி நாளொன்றுக்கு 80 கிலோமீற்றர் ஓடுவதாக வைப்போம். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் என்றால் 6.7 லீற்றர் போதும். 11 ஆகக் குறைந்தால் 7.3 லீற்றர் வேண்டும். வித்தியாசம் 0.6 லீற்றர். கணக்குக்கு வசதியாக லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் நாளுக்கு 180 ரூபா. மாதம் 26 நாள் ஓடினால் 4,680 ரூபா. ஒரேயொரு கிலோமீற்றர் குறைந்ததற்கே இவ்வளவு. மூன்று சாதாரண பிளக்குகள் என்ன விலை என்று கடையில் கேட்டு, இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எப்போது மாற்றுவது?

சாதாரண நிக்கல் பிளக்குகளைப் பெரிய எஞ்சின்களில் 15,000 முதல் 20,000 கிலோமீற்றரிலும், 660 சீசீ வண்டிகளில் 7,000 முதல் 10,000 கிலோமீற்றரிலும் மாற்றும்படி ஜப்பானிய உற்பத்தியாளர்கள் சொல்கிறார்கள். சிறிய எஞ்சின் அதே தூரத்துக்கு அதிக தடவை சுற்றுவதே காரணம். நீண்ட ஆயுள் கொண்ட இரிடியம் பிளக்குகள் விலை கூடினாலும் பல மடங்கு தூரம் ஓடும். டீசல் வண்டியில் இந்தப் பிளக் இல்லை. அதிலுள்ள ஹீற்றர் பிளக் வேறு விடயம்.

வாங்கும்போது

வண்டியின் கையேட்டிலுள்ள இலக்கத்தையே கேளுங்கள். கம்பனிக்குக் கம்பனி இலக்கம் வேறுபடும். என்.ஜி.கே. 6 என்று குறிக்கும் சூட்டுத் தரத்தை டென்சோ 20 என்று குறிக்கிறது. இவ்விரண்டிலும் இலக்கம் கூடினால் பிளக் குளிர்ந்த வகை. பொஷ் பிளக்கில் இது நேர்மாறு.

போலிகளும் சந்தையில் உலவுகின்றன. வழமைக்கு மாறான மலிவு, மங்கிய எழுத்து, நடுவில் நேராக நில்லாத முனை, தொட்டாலே கழன்று விழும் வளையம் ஆகியவற்றைக் கண்டால் வாங்க வேண்டாம். உதிரிப்பாகம் விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்ட நபி (ஸல்) அவர்கள் அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நாம் அறிந்ததே. போலியை அசல் பெட்டியில் வைத்து விற்பதும் அந்த ஈரத்தை மறைப்பது போன்றதுதான்.

மாற்றும்போது

எஞ்சின் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். சூட்டில் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை பிய்ந்துவிடலாம். கழற்ற முன் பிளக் குழியிலுள்ள தூசியைக் காற்றடித்து அகற்றச் சொல்லுங்கள். இடைவெளியை அளவுகோல் வைத்துச் சரி பார்க்க வேண்டும். புதிய பிளக்கை முதலில் கையாலேயே சுற்ற வேண்டும். வளையம் உள்ள வழமையான 14 மில்லிமீற்றர் பிளக்கைக் கையால் இறுகும்வரை சுற்றிய பின், ஸ்பானரால் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை திருப்பினால் போதும். அதற்கு மேல் பலம் காட்ட வேண்டாம்.

பழைய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படி கையில் வாங்கிப் பாருங்கள். இளம் மண்ணிறம் அல்லது சாம்பல் நிறம் என்றால் எஞ்சின் சுகமாக இருக்கிறது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் அதிகமாகப் போகிறது, எயார் ஃபில்டரையும் பாருங்கள். எண்ணெய் நனைந்திருந்தால் ரிங் அல்லது வால்வு சீலில் கோளாறு. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அதிக சூடு. பிளக்கை மட்டும் மாற்றினால் கடைசி இரண்டும் தீராது.

லொறிக்குள் ஒரு கொப்பி வையுங்கள். பெற்றோல் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் மீற்றர் இலக்கத்தையும் லீற்றர் அளவையும் சாரதி எழுதட்டும். பிளக் மாற்றிய திகதியையும் அதிலேயே எழுதுங்கள். கிலோமீற்றர் குறையத் தொடங்கினால் முதலாளிக்கும் தெரியும், சாரதிக்கும் தெரியும். ஒருவர் மீது ஒருவர் சந்தேகப்பட இடமிருக்காது. கணக்கும் நம்பிக்கையும் ஒன்றாக இருக்கும் தொழிலில் பரக்கத்தும் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.