படைகளின் கதை – 9: மதராஸ் சாப்பர்கள்

1944 ஜூன் 6. நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் இறங்கிய அமெரிக்கச் சிப்பாய்கள் முன்னேற வழியில்லாமல் கரையோரமாக முடங்கிக் கிடந்தார்கள். எதிரே சுருள் சுருளாக முள்கம்பி. அதைத் தாண்டினால் கண்ணிவெடி. குன்றின் மேலே ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கிகள். கம்பியைத் தகர்த்து வழி உண்டாக்க அவர்கள் கையில் எடுத்த சாதனத்தின் பெயர், பெங்களூர் டார்பிடோ. 'சேவிங் பிரைவேட் ரயான்' படம் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும்.

1912-ல் பெங்களூரில், மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் படையில் இருந்த கேப்டன் மெக்ளின்டாக் உருவாக்கியது அது. வேலை செய்யும் விதம் மிக எளிது. உள்ளே வெடிமருந்து அடைத்த குழாய்கள். அமெரிக்கர்கள் வைத்திருந்த வகையில் ஒரு குழாய் ஐந்தடி. ஒன்றின் வாயில் அடுத்ததைச் செருகி, வேண்டிய நீளத்துக்கு நீட்டிக்கொள்ளலாம். கம்பியிலோ கல்லிலோ சிக்காமல் வழுக்கிப் போக முனையில் உருண்டையான ஒரு மூக்கு. பள்ளத்தில் படுத்தபடியே, தலையைத் தூக்காமல், கம்பிக்கு அடியில் தள்ளிக்கொண்டே போய் வெடிக்க வைக்கலாம். இரண்டு உலகப் போர்களிலும் பயன்பட்டது, இன்றும் பல நாட்டு ராணுவங்களில் இருக்கிறது. அது பிறந்த படையைப் பற்றித்தான் நம் ஊர்க்காரர்களுக்கே அதிகம் தெரியாது.

இந்திய ராணுவத்தின் பொறியியல் பிரிவில் மூன்று குழுமங்கள் உண்டு. பெங்கால் குழுமத்துக்கு ரூர்க்கி, பாம்பே குழுமத்துக்கு புனே அருகே கிர்க்கி, மதராஸ் குழுமத்துக்கு பெங்களூர் அல்சூர் ஏரிக்கரை. மூன்றில் மூத்தது மதராஸ். 1780 ஜூலையில் ஹைதர் அலி ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கினார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஆங்கிலக் கம்பெனியின் ஒரு படை அடியோடு அழிந்தது. அதற்கு இருபதே நாளில், செப்டம்பர் 30 அன்று, இரண்டு கம்பெனி 'பயனியர்' ஆட்களை மதராஸில் திரட்டினார்கள். அவர்களிடமிருந்து வந்ததுதான் இந்தப் படை. அன்னியக் கம்பெனிக்காக, நம் மண்ணின் அரசர்களுக்கு எதிராக எடுக்கப்பட்ட படை என்பதை மறைப்பதற்கில்லை. அதில் சேர்ந்தவர்கள் நம் ஊர் ஏழை வீட்டுப் பிள்ளைகள் என்பதும் அதே அளவு உண்மை.

சாப்பரின் வேலை என்ன? காலாட்படை போவதற்கு முன்னால் பாதை போடுவது, ஆற்றில் பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது. பின்வாங்கும்போது எல்லோரும் தாண்டிய பிறகு அந்தப் பாலத்தையே தகர்ப்பது. போகும்போது முதல் ஆள், திரும்பும்போது கடைசி ஆள். துப்பாக்கி அவரிடமும் இருக்கிறது. ஆனால் வேலை நேரத்தில் இரண்டு கையிலும் கருவி இருக்கும். எதிரி சுட்டாலும் அதைக் கீழே போட முடியாது.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத் தளபதிகளிடையே 'போர்க்குடி' என்றொரு கொள்கை ஓங்கியது. வடமேற்கின் பஞ்சாபிகளும் பட்டாணியர்களும் நேபாளத்துக் கூர்க்காக்களும்தான் பிறவியிலேயே வீரர்கள், தென்னிந்தியர்கள் சண்டைக்கு உதவாதவர்கள் என்றது அது. மதராஸ் காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் குறைத்து, 1920-களின் இறுதிக்குள் கலைத்தே விட்டார்கள். சாப்பர்களை மட்டும் தொடவில்லை. தொட்டிருந்தால் பாலம் கட்ட ஆள் இருந்திருக்காது. குண்டு மழையில் நின்று பாலம் கட்டுகிறவனைக் கோழைக் குலத்தில் சேர்த்த அந்தக் கொள்கை எவ்வளவு பொய்யானது என்பதற்கு இத்தாலியில் நடந்ததைச் சொன்னால் போதும்.

1944 பிப்ரவரி. கசினோ மலையடிவாரத்தில் நான்காவது இந்திய டிவிஷன். அதன் பொறியியல் பிரிவில் மூன்று குழுமங்களின் கம்பெனிகளும் இருந்தன. மதராஸ் சார்பில் 12-ஆவது ஃபீல்டு கம்பெனி, 11-ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனி. பார்க் கம்பெனி என்பது தளவாடக் கிடங்கும் பட்டறையும் சேர்ந்தது. பாலத்துக்கான பலகை, இரும்பு, கருவிகள் எல்லாம் அதன் பொறுப்பு. அதில் சுபேதாராக இருந்தவர் சுப்பிரமணியன். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கீழ் ஒட்டிவாக்கம் அவர் ஊர்.

ஜெர்மானியர்கள் விட்டுப்போன மண்ணெல்லாம் கண்ணிவெடி. இரும்பில் செய்ததைக் கண்டறியும் கருவி காட்டிக் கொடுக்கும். மரப்பெட்டியில் செய்ததைக் காட்டாது. அதற்குத் தரையில் படுத்து, கூரான கம்பியைச் சாய்வாக மண்ணுக்குள் செலுத்தித் தடவிப் பார்க்க வேண்டும். செங்குத்தாகக் குத்தினால் வெடியின் தலையிலேயே அழுத்தம் விழும். சாய்த்துக் குத்தினால் பக்கவாட்டில் இடிக்கும். இடித்தது கல்லா வெடியா என்பதை விரல்தான் சொல்ல வேண்டும். இப்படிச் சாணளவு சாணளவாக நகர்ந்து, சுத்தமான பாதையின் இரு ஓரத்திலும் வெள்ளை நாடா விரித்துக்கொண்டே போவார்கள்.

பிப்ரவரி 24 அன்று மினியானோ என்ற ஊரருகே அப்படியொரு பாதையைச் சுத்தம் செய்த குழுவைச் சுப்பிரமணியன் நடத்திப் போனார். காலடி பட்டு ஒரு கண்ணி இயங்கிவிட்டது. சுற்றிலும் அவருடைய ஆட்கள். அது வெடிப்பதற்குள் இருந்த சில நொடியில் சுப்பிரமணியன் அதன் மேல் பாய்ந்து விழுந்தார். வெடியைத் தன் உடலால் வாங்கிக்கொண்டு இறந்தார், மற்றவர்கள் பிழைத்தார்கள். ஜார்ஜ் கிராஸ் விருது நேரடியாக அளிக்கப்பட்ட முதல் இந்தியர் அவர். சண்டை முனையில் காட்டும் வீரத்துக்கு விக்டோரியா கிராஸ் எப்படியோ, எதிரியை நேருக்கு நேர் சந்திக்காத இடத்தில் காட்டும் வீரத்துக்கு ஜார்ஜ் கிராஸ் அப்படி. பிறந்த மாவட்டத்திலேயே எத்தனை பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியும்? எனக்கு இது ஆறாத வருத்தம்.

கண்ணிவெடி அகற்றும் இதே வேலை 1971 டிசம்பரில், பாகிஸ்தான் போரின் ஷக்கர்கட் முனையில், பசந்தர் ஆற்றங்கரையில் நடந்தது. டிசம்பர் 15 இரவு நம் காலாட்படை ஆற்றைக் கடந்து அக்கரையில் இடம் பிடித்தது. அவர்களில் 16-ஆவது மதராஸ் பட்டாலியனும் இருந்தது. டாங்கிகள் போய்ச் சேர வேண்டும், நடுவிலோ ஆழமான கண்ணிவெடி வயல். பீரங்கித் தாக்குதலுக்கு நடுவே அதில் வழி திறந்தது 9-ஆவது எஞ்சினியர் ரெஜிமென்ட், மதராஸ் சாப்பர்கள். வழி முழுக்கத் திறக்கும் முன்பே அக்கரையிலிருந்து ஆபத்துக் குரல் வர, பூனா ஹார்ஸ் டாங்கிகள் மிச்சமிருந்த வெடிகளுக்கு நடுவிலேயே புகுந்து போயின. மறுநாள் போரில் உயிர்நீத்த அருண் கேதர்பாலை நாடு அறியும். முன்னின்று வெடி அகற்றி, குண்டுக்குப் பலியாகி மகாவீர் சக்ரா பெற்ற மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரியை அந்த அளவுக்கு அறியாது.

'தம்பி' என்பது ராணுவத்தில் இவர்களுக்கு நெடுநாளாக வழங்கும் செல்லப் பெயர். வயநாட்டில் இவர்களை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். 2024 ஜூலை 30 அதிகாலை நிலச்சரிவில் சூரல்மலைப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது; முண்டக்கை துண்டிக்கப்பட்டது. டெல்லியிலிருந்து விமானத்திலும் பெங்களூரிலிருந்து சாலை வழியாகவும் பெய்லி பாலத்தின் பாகங்கள் வந்து சேர்ந்தன. இரண்டாம் உலகப் போரில் டொனால்டு பெய்லி வடிவமைத்த அந்தப் பாலத்துக்குப் பளு தூக்கும் பெரிய இயந்திரம் வேண்டாம். பத்தடி நீளமுள்ள ஒரு சட்டத்தை ஆறு பேர் தூக்கிவிடலாம். சட்டத்தோடு சட்டத்தை ஆணியால் பிணைத்து, உருளைகள் மேல் வைத்து அக்கரை நோக்கித் தள்ளிக்கொண்டே போவார்கள்.

கொட்டும் மழையில், விளக்கு வெளிச்சத்தில், இரவு முழுக்கத் தள்ளினார்கள். முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் மேஜர் சீதா ஷெல்கே. 190 அடி நீளம், 24 டன் தாங்கும் பாலம் ஆகஸ்ட் 1 மாலை தயாரானது. மண்வாரி இயந்திரங்களும் ஆம்புலன்சுகளும் அதன் மேல் முண்டக்கைக்குப் போயின.

(தொடரும்)